வரப்பில் நிற்கிறவள் பேச்சைக் கேட்காதே

சேகர், இதைச் சிரிக்காமல் படி. நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். முந்தாநாள் வாசல்வரைக்கும் பின்னாலேயே வந்தேன். நீ வண்டியை உதைத்து, கையை ஆட்டிக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டாய். பெற்றவள் பிள்ளையிடம் பேசவேண்டும் என்றால் காகிதம் தேடி உட்காரவேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள். உன் பாலிடெக்னிக் நோட்டில் மிச்சமிருந்த தாளைத்தான் கிழித்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். அதற்கும் சிரிக்காதே. காலைப் பால் ஊற்றிவிட்டு வந்து, மாடு இரண்டும் படுத்து அசைபோடுகிற நேரத்தில் எழுதுகிறேன். சாயங்காலக் கறவைக்குள் முடித்தாகவேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை வைக்கோல் கட்டும் மிஷினோடு மன்னார்குடிப் பக்கம் போகிறாய். நாற்பது நாள். இதுவரை தவளக்குப்பம், பாகூர் என்று இங்கேயே ஓட்டிவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாய். இனிமேல் யார் வயலோ, யார் ஊரோ, எந்தக் கொட்டகையில் படுக்கையோ. உங்கப்பா மில்லில் எல்லாரிடமும் பையன் மிஷின் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போகிறான் என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா அம்மாக்களுக்கெல்லாம் வருகிற பயம் என்று ஒதுக்கிவிடாதே. நேற்று கறக்கும்போது நினைவு எங்கேயோ போய்க் காம்பைக் கிள்ளிவிட்டேன், லட்சுமி உதைத்துவிட்டாள், அரைச் செம்பு பால் தரையில் போயிற்று. ஆறு வருஷத்தில் அவள் என்னை உதைத்ததே கிடையாது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற நம் மிசே வீட்டுக்கு ஊற்றப்போனால் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்றேன். இப்படி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். அதைத்தான் இன்றைக்கு உன்னிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் உன்னைப் பற்றி ஒரு சங்கதி. உனக்கு ஆறு வயசிருக்கும். மிசே வீட்டுக்குப் பால் ஊற்ற உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டம்மா, பாவம், ஆசையாகக் கிண்ணம் நிறைய அவர்கள் வீட்டுக் கறுப்புக் காப்பியைக் கொடுத்தாள். சர்க்கரை இல்லை, பால் இல்லை. வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி உன் முகம் போயிற்று. ஆனாலும் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றாய். வீட்டுக்கு வருகிற வழியில் சாக்கடை ஓரம் உட்கார்ந்து அத்தனையும் வாந்தி. நான் உன் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் பிள்ளை ஒருத்தர் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லமாட்டான், அப்படி வளர்த்திருக்கிறேன் என்று. பெரியவர்கள் ஒன்று சொன்னால் மறுபேச்சு பேசாதே, சாப்பிட்ட வீட்டில் முகம் சுளிக்காதே, யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கே ஓடு. இதையெல்லாம் உன் காதில் ஓதி ஓதி வளர்த்தவள் நான்தான். 

அந்த மிஷின் முதன்முதலில் நம் பக்கம் வந்தபோது நான்தான் ரொம்பக் குதித்தேன், உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் உதிரி வைக்கோலை டிராக்டரில் ஏற்றி நம் சந்துக்குள் கொண்டுவந்து கொட்டுவோம். தூசு பறந்து எதிர்வீட்டுக்காரி துணியிலெல்லாம் ஒட்டி, அவள் என்னை ஒரு வாரம் திட்டுவாள். டவுனில் மாடு வளர்க்கிறவளுக்கு எத்தனை ஏச்சு. அறுப்பு மிஷின் வந்தபிறகு அதுவும் போயிற்று. அது நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலைத் தூள்தூளாக வயல் நெடுக வரிசை போட்டுவிட்டுப் போய்விடும், அதைப் பொறுக்கிக் கட்ட ஆள் வராது. பிறகு வந்தது இது. உன் மாமா வயலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே போகிறது. முன்பக்கம் கீழே வளைந்த பல் பல்லாக ஒன்று சுற்றி, தரையில் கிடக்கிற வைக்கோலை வாரி உள்ளே தள்ளுகிறது. உள்ளே உருளைகள் அதைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிச் சுருட்டி இறுக்குகின்றன. வயிறு நிறைந்ததும் கயிறு தானாகச் சுற்றிக்கொள்கிறது, பின்கதவு திறக்கிறது, உருண்டையாக ஒரு கட்டு தொப்பென்று விழுகிறது. ஒரு தாள் பறக்கவில்லை. நம் வீட்டுச் சுவரோரம் ஐம்பது கட்டு அடுக்கினால் எதிர்வீட்டுக்காரிக்குக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு ராஜாவாக ஓட்டினான் ஏழுமலை.

ஏழுமலையை உனக்குத் தெரியும். உனக்கு முன்னால் அதே மிஷினை ஓட்டியவன். இப்போது பிள்ளைச்சாவடியில் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன், வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அந்தக் கை எப்படிப் போயிற்று என்று ஊருக்கே தெரியும். போன மாசம் நீயே சொன்னாய்: "அது ஏழுமல அண்ணன் அசால்ட்டா கைய உட்டுட்டாரும்மா. நான் அப்புடி கெடையாது." நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாய். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஏன் தெரியுமா? அந்த வார்த்தை என்னுடையது. ஊருக்குள் அதை முதலில் சொன்னவள் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து சம்பா அறுப்பு. நீ அன்றைக்குப் பரீட்சைக்குப் போயிருந்தாய், உங்கப்பா மில்லில். மாமா வயலுக்கு நான் மட்டும் காலையிலேயே போனேன். மிஷின் ஓட்ட வருகிறவர்களுக்கு வயல்காரர்கள்தான் மத்தியானச் சாப்பாடு போடவேண்டும், அது உனக்குத் தெரிந்ததுதான். அத்தைக்கு உடம்பு முடியாததால் நானே சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். கருவாட்டுக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், தூக்குச்சட்டி நிறைய மோர். வேப்பமர நிழலில் இலை போட்டேன். ஏழுமலை மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். "அக்கா, எங்கம்மா போனதுக்கு அப்புறம் இந்த மாதிரி கொழம்பு நான் தின்னதே இல்லக்கா" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா" என்று அவன் இலையில் வழித்து ஊற்றினேன். சாப்பிட்டு எழுந்ததும் வானத்தைப் பார்த்தேன். கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

அதற்கு முந்தின வருஷம் நனைந்த வைக்கோலைக் கட்டி எடுத்துவந்து, உள்ளே சூடேறிப் பூஞ்சை பூத்து, அதைத் தின்ற செவலை கழிச்சல் வந்து ஒரு வாரத்தில் செத்துப்போனாள். நீ அழுதாயே, அந்தச் செவலைதான். அந்தப் பயம் எனக்கு. வயலில் கால்வாசிதான் கட்டியிருந்தது. வரப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். காற்றில் ஈரம் ஏறியதும் வைக்கோல் நமத்து, மிஷின் வாயில் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. இரண்டு தரம் ஏழுமலை இன்ஜினை நிறுத்தி, இறங்கி, அடைப்பை எடுத்துவிட்டான். அந்த டிராக்டருக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. நிறுத்தினால் மறுபடி தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். மாமாவும் இன்னும் மூன்று பேரும் சேற்றில் கால் வழுக்கத் தள்ளினார்கள். ஒவ்வொரு தரமும் கால் மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது தரம் அடைத்தது. முதல் தூறல் என் கையில் விழுந்தது. ஏழுமலை இன்ஜினை நிறுத்துகிற குமிழை இழுக்கக் குனிந்தான், நான் பார்த்தேன். வரப்பிலிருந்து அடித்தொண்டையில் கத்தினேன்: "நிறுத்தாத ஏழுமல! மழ வந்துடும், அப்புடியே எடுத்து உட்டுடு!" அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சரி என்கிற மாதிரி வலது கையைத் தூக்கிக் காட்டினான். சிரித்தான்கூட. குமிழை விட்டுவிட்டு, இன்ஜின் ஓட ஓட இறங்கிப் போனான்.

மிச்சத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. கொத்து வைக்கோலைப் பிடித்து இழுத்தான், அடைப்பு சட்டென்று விட்டது, அவன் கையை எடுப்பதற்குள் வைக்கோலோடு சேர்த்து உள்ளே வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்த உருளைக்கு வைக்கோல் எது, கை எது என்று தெரியாது சேகர். டிராக்டரிலிருந்து மிஷினைச் சுற்றவைக்கிற ஷாப்ட்டை மட்டும் நிறுத்துகிற லிவர் இருக்கிறது என்று நீ சொல்வாய். அதைத் தள்ளினாலும் அந்த வண்டியில் ஷாப்ட் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. மாமா அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து ஏறிக் குமிழை இழுத்தார். அதற்குப் பிறகு அந்த வயலில் மழைச் சத்தமும் அவன் சத்தமும்தான்.

பால் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் முந்தானையைக் கிழித்து நானே கட்டினேன். மிஷின்காரர், அதான் உன் முதலாளி, ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு? இன்ஜின நிறுத்தாம எறங்க மாட்டானே, அவன் வெவரமான பையனாச்சே" என்றார். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். மாமாவுக்கும் மற்ற மூன்று பேருக்கும் நான் கத்தியது கேட்கவில்லை, அவர்கள் வயலின் அந்தக் கோடியில் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொன்னேன்: "அவனாத்தாங்க அசால்ட்டா கைய உட்டுட்டான்." என் வாயால் சொன்னேன் சேகர். கையில் அவன் ரத்தம் காயவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா என்று சொன்ன அதே வாய். பயத்தில் வந்துவிட்டது என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். போலீஸ் வருமோ, உங்கப்பா என்ன சொல்வாரோ, உன் காதுக்குப் போனால் நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ. பிறகு அந்த வார்த்தை ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் நம் வீட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து உன் வாயிலிருந்தே வந்தது. அன்றைக்கு முதலில் கட்டிய இருபது கட்டை மாமா நம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மாடு தின்றது. அந்தப் பாலைத்தான் எல்லாரும் குடித்தோம்.

நீ மன்னார்குடி போகிறாய் என்று முடிவானதும் என்னால் இருக்கமுடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி பிள்ளைச்சாவடிக்குப் போனேன். மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. "வாங்கக்கா, வாங்க. என்னாக்கா இம்மாந் தூரம்?" என்று பக்கத்துக் கடையில் டீ சொன்னான். நான் நின்றுகொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏழுமல, அன்னிக்கு நான் கத்துனேன். நிறுத்தாதன்னு கத்துனேன்."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? எனக்கு ஒண்ணுமே கேக்கல. இன்ஜின் போட்ட சத்தத்துல என்னா கேக்கும்?"

"நீ கையத் தூக்கி சரின்னு காட்டுனியேடா."

 ரோட்டில் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டீ ஆறுதுக்கா, குடிங்க" என்றான்.  அழுதேன், நடுரோடு என்று பார்க்காமல் அழுதேன். நான் எல்லாரிடமும் சொன்ன பொய்யையும் சொன்னேன். "தெரியும்க்கா" என்றான். "அப்புறம் ஏன்டா நீ உண்மையச் சொல்லல?" என்று கேட்டேன். மடித்த சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "அப்பதான் உங்க கையால சோறு தின்னு எழுந்தேன். எப்புடிக்கா சொல்ல?" நிறுத்தாதே என்று நான் சொன்னபோது ஏன் என் பேச்சைக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. அதற்கும் இதே பதில்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிளம்பும்போது அவனே கூப்பிட்டான்: "அக்கா, சேகரு நல்ல பையன். யாரு எது சொன்னாலும் தட்டமாட்டான். அதான் எனக்கு பயமாக்கீது. பாத்து சொல்லி அனுப்புங்க."

அவனுக்கும் அதே பயம். பஸ் இரண்டு போனபிறகுதான் ஏறினேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "பேட்டரி புதுசும்மா, தொட்டா ஸ்டார்ட் ஆவுது" என்பாய். பேட்டரி புதுசுதான். வரப்பில் நிற்கிறவள் பழையவள்தான். அங்கேயும் ஒருத்தி இருப்பாள். உனக்கு இலை போடுவாள். நீ ஒல்லியாக இருப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி போடுவாள், உன் அம்மா பேர் கேட்பாள். நீ "நல்லாருக்குதுங்க" என்று சொல்லுவாய். நல்ல பொம்பளையாகத்தான் இருப்பாள். வீட்டில் மாடு இருக்கும், போன வருஷம் ஒரு மாடு செத்திருக்கும். மேகம் கறுத்தால் பதறிப்போய்க் கத்துவாள். உன் கை சரி என்று தூக்கப் பார்க்கும் சேகர். நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

தூக்காதே. உனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து பேச்சைக் கேள், பேச்சைக் கேள் என்றே உன் உயிரை வாங்கியிருக்கிறேன். இந்த ஒன்றில் கேட்காதே. அவள் கத்தினால் அது உன் அம்மா கத்துகிறாள் என்றே நினைத்துக்கொள், அப்படியும் கேட்காதே. குமிழை இழு. இன்ஜின் செத்துச் சத்தம் அடங்கி, ஷாப்ட் நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகு இறங்கு. மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் போகட்டும். வயல் முழுக்க நனைந்து அழுகட்டும். மிஷின்காரர் திட்டினால் என் பேரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பொம்பளை உன்னைத் திமிர் பிடித்தவன், தின்ற சோற்றுக்கு மரியாதை தெரியாதவன், எந்தப் புண்ணியவதி பெற்றாளோ என்று ஏசினால், ஏசட்டும். அந்த ஏச்சு எனக்கு வேண்டும். அது எனக்கு வந்து சேரவேண்டியதுதான்.

ஏழுமலையைப் பற்றிய உண்மையை உங்கப்பாவிடம் இன்றைக்குச் சாயங்காலம் நானே சொல்கிறேன். நாளைக்கு மிஷின்காரரிடமும் போய்ச் சொல்லப்போகிறேன். என்ன ஆகுமோ தெரியாது. நீ என்னை எப்படி நினைத்தாலும் சரி. இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமலே வெள்ளிக்கிழமை கிளம்பினாலும் சரி. வேலை முடிந்ததும் தினம் ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுத்துவிடு. அது வருகிறவரை நான் மாட்டுக் கொட்டகையை விட்டு உள்ளே போகமாட்டேன், அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

லட்சுமி எழுந்துவிட்டாள், கத்துகிறாள். கடைசியாக ஒன்று. நாற்பது நாள் கழித்து வருகிற அன்றைக்கு, தெருமுனை திரும்பும்போதே இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு வா. எதிர்வீட்டுக்காரி சிரித்தால் சிரிக்கட்டும், உனக்கு வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் வாசலில் நிற்பேன். பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் உனக்குச் சோறு போடுவேன்.

அம்மா